அழைப்பின் செலவு யாருடையது? ரிலே சேவை நிதியின் வரலாறு

அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் தாயும் மனைவியும் செவித்திறன் குன்றியவர்கள். அவரோ காது கேளாதோருக்குப் பேசக் கற்பித்த ஆசிரியர். தொலைபேசியின் வரலாற்றை எழுதுவோர் தவறாமல் சொல்லும் செய்தி இது. 1876இல் காப்புரிமை பெற்ற அக்கருவி அடுத்த தொண்ணூறு ஆண்டுகளுக்குக் காது கேளாதோரை எவ்வளவு தூரம் விலக்கி வைத்தது என்பது அத்துணை எழுதப்படவில்லை. தந்தித்தாள் வந்தபோது கேட்பவரும் கேளாதவரும் அதை ஒன்றுபோலவே படித்தனர். அந்தச் சமநிலையைக் குலைத்தது தொலைபேசி. மருத்துவரை அழைப்பதற்கும் வேலை வாய்ப்பை விசாரிப்பதற்கும் அண்டை வீட்டாரின் தயவு தேவைப்பட்டது.

அமெரிக்காவில் இந்நிலை மாறத் தொடங்கிய ஆண்டு 1964. காது கேளாத இயற்பியலாளர் ராபர்ட் வைட்பிரெக்ட், காது கேளாத பல்மருத்துவர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸின் தூண்டுதலால், பழைய தொலைத்தட்டச்சுப் பொறியைத் தொலைபேசியோடு இணைக்கும் வழியைக் கண்டார். இணைப்பு என்றாலும் கம்பிகள் கோக்கப்படவில்லை. பிறர் செய்த கருவிகளைத் தன் கம்பித்தடத்தில் பொருத்த ஏடி அண்ட் டி நிறுவனம் தடை விதித்திருந்ததால், தட்டச்சின் எழுத்துகளை ஒலியாக மாற்றித் தொலைபேசியின் கைப்பிடி வழியே அனுப்பும் 'அக்கூஸ்டிக் கப்ளர்' தேவைப்பட்டது. 1968இல் கார்ட்டர்ஃபோன் தீர்ப்பு அத்தடையைத் தளர்த்தியது. அதே ஆண்டில் கழித்துக் கட்டிய தொலைத்தட்டச்சுப் பொறிகளைக் காது கேளாதோருக்கு அளிக்க ஏடி அண்ட் டி இசைந்தது. நிறுவனங்கள் குப்பையாகக் கருதிய இரும்பு, ஒரு சமூகத்தின் முதல் தொலைபேசி ஆயிற்று.

ஆனால் செலவுக் கணக்கு நேராகவில்லை. அப்பொறியின் வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 சொற்கள். ஒருவர் தட்டச்சிட்டு முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். தொலைதூர அழைப்புக்கோ நிமிடக் கணக்கில் கட்டணம். ஒரே செய்திக்குக் கேட்பவரைவிடக் கேளாதவர் பன்மடங்கு பணம் கட்டினார். மேலும் இரு முனைகளிலும் பொறி இருந்தால்தான் உரையாடல். வங்கியிலும் மருத்துவமனையிலும் அது இல்லை. தட்டச்சிடுவதைப் படித்துச் சொல்லவும், சொல்வதைத் தட்டச்சிடவும் நடுவில் ஒருவர் வேண்டும். அதுவே ரிலே சேவை. தொடக்கத்தில் தன்னார்வலர்களும் சிறு அமைப்புகளும் நன்கொடையை நம்பி இதை நடத்தினர். நன்கொடை தீர்ந்தால் சேவை நிற்கும். ஆள் இல்லையெனில் அழைப்பு காத்திருக்கும். கருணைக்கு அலுவலக நேரம் உண்டு என்பதைக் காது கேளாதோர் நன்கு அறிந்திருந்தனர்.

இந்தச் சுமையை எல்லாச் சந்தாதாரர்களிடையேயும் பகிர்வது என்ற எண்ணம் மாநில அளவில் வேரூன்றியது. காது கேளாத சந்தாதாரர்களுக்குத் தொலைத்தட்டச்சுக் கருவி வழங்க கலிஃபோர்னியா 1979இல் சட்டம் இயற்றியது. 1987 ஜனவரியில் மாநிலம் முழுவதற்குமான ரிலே சேவையைத் தொடங்கியது. செலவை ஈடுகட்டியது ஒவ்வொருவர் கட்டணச் சீட்டிலும் சேர்ந்த ஒரு சிறு மிகைக்கட்டணம். பயன்பாடு திட்டமிட்டோரின் கணக்கை மீறியது. தேவை இல்லை என்று அதுவரை வாதிட்டோருக்கு அதுவே போதுமான விடை. இதற்கிடையே தொலைபேசிக் கருவிகளின் விற்பனை கட்டுப்பாட்டிலிருந்து விடுபடவிருந்தது. சிறப்புக் கருவிகளின் விலை பயனரின் தலையில் முழுவதுமாக விழும் என்ற அச்சத்திலேயே, அதைப் பொதுக்கட்டணத்தில் பகிர அனுமதித்த 1982ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் தொலைத்தொடர்புச் சட்டம் பிறந்தது.

1990 ஜூலை 26 அன்று கையொப்பமான அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் நான்காம் பகுதி இவ்வரலாற்றின் திருப்புமுனை. மூன்றே ஆண்டுகளில் நாடெங்கும் ரிலே சேவை இயங்க வேண்டும் என்று அது ஆணையிட்டது. ரிலே அழைப்புக்குக் குரல் அழைப்பைவிடக் கூடுதல் கட்டணம் கூடாது. இடையில் இருப்பவர் அழைப்பை மறுக்கவோ, நேரத்தைக் குறுக்கவோ, உரையாடலை மாற்றவோ, வெளியிடவோ கூடாது. மாநிலங்களுக்கு இடையிலான சேவையின் செலவு அத்தகைய எல்லாச் சேவைகளின் சந்தாதாரர்களிடமிருந்தும் பெறப்படும். அரசின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைச் சாராமல், தொலைபேசி வருவாயிலிருந்தே நிதி திரண்டது என்பது கவனிக்கத்தக்கது. உரிமை என்ற சொல்லுக்கு எலும்பும் தசையும் தந்தது இந்த ஏற்பாடுதான்.

அதன் பலவீனமும் அங்கேயே இருந்தது. 2000இல் சைகைமொழி வழியான வீடியோ ரிலே சேவைக்கும் இந்நிதியிலிருந்து நிமிடக் கணக்கில் பணம் தர ஆணையம் முடிவு செய்தது. பத்தாண்டின் இறுதியில் நிமிடத்திற்கு 6 டாலருக்கு மேல் வழங்கப்பட்டது. நிமிடங்களை உற்பத்தி செய்வதே இலாபம் என்றானதும், ஆள் வைத்துப் பொருளற்ற அழைப்புகளைச் செய்தோர் கிளம்பினர். 2009 நவம்பரில் 26 பேர் மீது குற்றச்சாட்டு பதிவானது. கட்டுப்பாடுகள் இறுகின. ஏமாற்றியது சேவை வழங்குவோரில் சிலர். சந்தேகத்தின் நிழல் விழுந்ததோ பயனர்கள் மீது.

இந்தியாவின் பாதை வேறு. எஸ்.டி.டி. பூத்துகள் பெருகிய காலத்தில் அவற்றை ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. பல குடும்பங்களை வாழவைத்த திட்டம் அது. ஆயினும் அரசின் பார்வையில் அவர் தொலைபேசியைக் காத்து அமர்ந்திருப்பவர்; அதில் பேச விரும்புபவராக எண்ணப்படவில்லை. நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 விழுக்காட்டைத் திரட்டிய உலகளாவிய சேவைக் கடப்பாட்டு நிதிக்கு 2003ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சட்டநிலை அளித்தபோது, அது இலக்காகக் கொண்டது ஊரக, தொலைதூரப் பகுதி மக்களை. எட்டாமை என்பது நிலவியலாகவே புரிந்துகொள்ளப்பட்டது. கோபுரத்தின் நிழலிலேயே வாழும் காது கேளாதவர் அவ்வரைபடத்தில் இல்லை. 2007இல் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்ற பின்னரும், 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவு தகவல்தொடர்பு அணுகலைப் பேசிய பின்னரும், நிதியின் சட்டமொழி நகரவில்லை. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயர் மாற்றி நகர்ப்புறத்தையும் சேர்த்தது. அளவுகோல் அப்போதும் பகுதியே. 2024 ஆகஸ்டில் வெளியான விதிகளில்தான் பெண்களோடும் நலிந்த பிரிவினரோடும் மாற்றுத்திறனாளிகள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டனர். அவர்களுக்கான திட்டங்கள் நிதி பெறத் தகுதியுடையவை என்கிறது அவ்விதி. தகுதி என்பது கடமை ஆகாது. 1990இன் சட்டத்தில் இருந்ததுபோன்ற மூன்றாண்டுக் கெடு எதுவும் அதில் இல்லை.