பேச்சு போனால் அறிவும் போய்விடுமா?

வருமான வரிக் காலத்தில் வோபர்னில் ஒரு வீட்டுக்குக் கணக்குப் பார்க்கப் போயிருந்தேன். பாரிசவாதத்தால் பேச்சிழந்த ஐயாவிடம் நான் கேட்டதற்கெல்லாம், "அவருக்கு ஒன்றும் விளங்காது" என்று வீட்டாரே பதில் சொன்னார்கள். தொகைகளைத் தாளில் பெரிதாக எழுதி அவர் முன் வைத்தேன். ஓய்வூதியத் தொகையில் விரலை வைத்து, இல்லையென்று தலையாட்டினார். பார்த்தால், நான்தான் இரண்டு இலக்கங்களை இடம்மாற்றி எழுதியிருந்தேன்.

இந்த நிலைக்கு 'அபேசியா' என்று பெயர். மூளையின் மொழிப் பகுதி, பெரும்பாலானோருக்கு இடது பக்கம், பாதிக்கப்படுவதால் வருவது. பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இது ஏற்படுகிறது. பேசுதல், விளங்குதல், வாசித்தல், எழுதுதல் ஆளுக்கு ஆள் வெவ்வேறு அளவில் தடைப்படும். ஆனால் அபேசியா என்பது புத்தி மாறாட்டம் அல்ல. மனதில் உள்ளது சொல்லாக வருவதில்லை, அவ்வளவுதான்.

கணவர் இவ்வாறு பேச்சிழந்த பின், பற் அராட்டோ என்ற பெண்மணி 1979இல் ரொறன்ரோவின் நோர்த் யோர்க்கில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அதுவே இன்றைய அபேசியா இன்ஸ்டிரியூட். அங்கே பயிற்சி பெற்ற தொண்டர்களுடன் குழுவாக அமர்ந்து உரையாடுகிறார்கள். ஓரா கேகனும் சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி கொடுக்கப்பட்டது தொண்டர்களுக்கு மட்டுமே. ஆனாலும் அவர்களோடு பேசிய நோயாளர்களின் கருத்துப் பரிமாற்றமும் மேம்பட்டது. கலிபோர்னியாவில் 24 பேருடன் நடந்து 1999இல் வெளியான இன்னோர் ஆய்வும், நோய் வந்து நாட்பட்டவர்களுக்குக்கூடக் குழுச் சிகிச்சை பயன் தரும் என்று காட்டியது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை:

• தொலைக்காட்சியை நிறுத்தி, முகம் பார்த்துப் பேசுங்கள்.
• "உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள்.
• முக்கிய சொற்களைப் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். படம், நாட்காட்டி, வரைபடம் கைக்கெட்ட இருக்கட்டும்.
• ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்டுப் பொறுத்திருங்கள்.
• விளங்கியதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள்.
• தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முயலுங்கள். இரண்டும் ஒரே அளவில் திரும்பி வரவேண்டும் என்றில்லை.

பேச்சுச் சிகிச்சையாளரின் இடத்தை இவை நிரப்பா. ஆனால் சிகிச்சையாளர் வாரத்தில் சில மணிநேரமே இருப்பார். மிகுதி நேரமெல்லாம் நாம்தான். எமது முதியோர் சங்கங்கள் பத்துத் தொண்டர்களுக்காவது இந்த முறையைத் தமிழில் பழக்கினால், பல வீடுகளில் மூலைக் கதிரையில் மௌனமாக இருப்பவர்கள் மீண்டும் சபைக்கு வருவார்கள்.

பிழையைத் திருத்திக் காட்டினேன். ஐயா சிரித்தார். இடது கையால், மெதுவாக, தானே கையெழுத்திட்டார்.