அமராவதி முதலையும் கிரேக்க ஓணானும்

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே இருபத்தஞ்சு கிலோமீட்டர் போனா அமராவதி அணை. பக்கத்திலேயே 1976-ல் தொடங்கின முதலைப் பண்ணை இருக்கு. நீர்த்தேக்கக் கரையில் கிடைக்கும் முட்டைகளை எடுத்து வந்து, பொரிக்க வைத்து, குட்டிகளை வளர்க்கத்தான் இதை ஆரம்பித்தார்கள். வாயைப் பிளந்து வெயில் காயும் இந்த முதலைக்கு அறிவியல் பெயர் 'குரோக்கொடைலஸ் பலஸ்ட்ரிஸ்'. இரண்டாவது சொல் லத்தீன். சதுப்பு நிலத்தைச் சேர்ந்தது என்று பொருள். முதல் சொல் கிரேக்கம். அதன் கதை கொஞ்சம் வேடிக்கையானது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பற்றி எழுதிய ஹெரோடோட்டஸ் அதைச் சொல்லியிருக்கிறார். எகிப்தியர்கள் இந்த விலங்கை 'கம்ப்சா' என்றார்களாம். 'குரோக்கொடைலோஸ்' என்று பெயர் வைத்தது அயோனியக் கிரேக்கர்கள். அவங்க ஊர்க் கல் சுவர்களில் ஓடும் ஓணான் வகைக்குத்தான் அந்தப் பெயர் முதலில் இருந்தது. நைல் நதியில் இதைப் பார்த்ததும் 'நம்ம ஊர் ஓணான் மாதிரியே இருக்கே' என்று அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். பிற்காலத்தில் ஸ்பானியர்களும் அமெரிக்காவில் இதையேதான் செய்தார்கள். 'எல் லகார்த்தோ' என்றால் பல்லி. அதுதான் ஆங்கிலத்தில் 'அலிகேட்டர்' ஆச்சு.

சரி, ஓணானுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? 'குரோக்கே' என்றால் கூழாங்கல், 'டிரிலோஸ்' என்றால் புழு. ஆக 'கூழாங்கல் புழு' என்று பல அகராதிகள் சொல்கின்றன. இது ஒலியை வைத்துச் செய்த ஊகம். உடும்பு மலைதான் உடுமலை ஆச்சுன்னு நம்ம ஊரில் சொல்வாங்களே, அந்த மாதிரி. கேட்க நல்லா இருக்கு என்பதற்காக உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாதுங்க. ஹெரோடோட்டஸ் சொன்னது அப்படியல்ல. மக்கள் அந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று அந்தக் காலத்து ஆளே தரும் சாட்சி அது.

வெளியூர்க்காரர் வைத்த பெயர் உலகமெல்லாம் பரவினாலும், எகிப்தியப் பெயர் செத்துப்போகவில்லை. பழைய எகிப்திய மொழியின் 'ம்ஸ்ஹ்' இன்றும் அரபியில் 'திம்ஸாஹ்' என்று வாழ்கிறது. நம்ம பக்கத்து 'மகர'மும் இந்தியில் 'மகர்' ஆகி, ஆங்கிலத்தில் 'மக்கர்' ஆகி, இதே அமராவதி முதலைக்குப் பொதுப்பெயராக நிற்கிறது.

அடுத்த தடவை பண்ணைக்குப் போனால், சுற்றுச்சுவரில் ஓணான் ஏதாவது ஓடுதான்னு பாருங்க. பெயருக்கு முதல் சொந்தக்காரன் அதுதான்.