தோற்றவர்களின் ஊர்கள்

‘ஹூசியர்ஸ்’ படம் பார்த்தவர்களுக்கு இந்தியானா மாநிலத்துக் கூடைப்பந்து என்றால் ஒரே கதைதான்: குக்கிராமத்துப் பள்ளி பெரிய பள்ளியை மண்ணைக் கவ்வ வைத்த கதை. அதற்கு மூலம் 1954இல் நடந்தது. 161 மாணவர்கள் மட்டுமே படித்த மைலன் பள்ளி, மாநில இறுதிப் போட்டியில் மன்சி சென்ட்ரல் பள்ளியை 32–30 என்று வென்றது. நான்கு நிமிடத்துக்கும் மேலாகப் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்ற பாபி பிளம்ப், பிறகு கடைசி நொடிகளில் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. ஜெயித்தவர்களைப் பற்றி எழுதித் தீர்த்துவிட்டார்கள். இந்த வாரம் தோற்றவர்கள் பக்கம் போவோம்.

மன்சி சென்ட்ரல் சேர்ந்திருந்தது நார்த் சென்ட்ரல் கான்ஃபரன்ஸில். அது 1926இல் உருவானது. மாநிலக் கோப்பையை நடத்த 1903 முதலே ஒரு விளையாட்டுச் சங்கம் இருந்தது. ஆனால் கோப்பைக்கான முடிவு ஆட்டங்கள் மார்ச் மாதத்தில்தான் வரும். நவம்பரிலிருந்து அதுவரை யாரோடு ஆடுவது? பக்கத்துக் கிராமப் பள்ளிகளோடு மோதினால் ஆட்டமும் சப்பென்றிருக்கும், டிக்கெட் வசூலும் தேறாது. அதனால் ஒத்த பருமனுள்ள ஊர்கள் கூடிப் பேசி, ஆண்டுதோறும் தங்களுக்குள் ஆடுவது, அதில் முதலில் வருபவருக்கு ஒரு பட்டம் என்று ஏற்பாடு செய்துகொண்டன. கான்ஃபரன்ஸ் என்பது இவ்வளவுதான்.

அதன் பழைய உறுப்பினர் பட்டியல், கார் உதிரிபாகக் கடையின் விலைப்பட்டியல் மாதிரி இருக்கும். ஆண்டர்சனில் டெல்கோ ரெமியின் ஸ்டார்ட்டர் மோட்டார், கைடு லாம்பின் முகப்பு விளக்கு. மன்சியில் வார்னர் கியரின் கியர்பாக்ஸ். நியூ காஸிலில் கிரைஸ்லர் ஆலை. கோகோமோவில் கார் ரேடியோ; எல்வுட் ஹேன்ஸ் 1894இல் தன் பெட்ரோல் வண்டியை ஓட்டிக் காட்டியதும் அங்கேதான். இவற்றோடு மேரியன், லோகன்ஸ்போர்ட், ரிச்மண்ட், லஃபாயெட் ஆகியவை. எரிவாயு கிடைத்ததால் 1880களில் கண்ணாடி ஆலைகள் தேடி வந்த வட்டாரம் இது. வாயு தீர்ந்ததும் கார்த் தொழில் வந்து காப்பாற்றியது. ஆலைக்குப் பக்கத்தில் ஊர், ஊருக்கு ஒரு பெரிய பள்ளி, வெள்ளிக்கிழமை இரவு கூடைப்பந்து. லோகன்ஸ்போர்ட் அணியின் பெயர் ‘பெர்ரீஸ்’. ஆனால் சின்னமோ கார்ட்டூன் பூனை ஃபீலிக்ஸ். எதற்கு எது என்று அங்கே யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆலைச் சம்பளம் எங்கே போனது என்பதை அரங்குகளைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வாழ்ந்த நியூ காஸில், 1959இல் ஒன்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய பள்ளி அரங்கைத் திறந்தது. ஆண்டர்சன் 1961இல் கட்டிய ‘விக்வாம்’ அரங்கில் 8,996 இருக்கைகள். விவாகரத்து வழக்கில் சீசன் டிக்கெட் யாருக்கு என்று கணவனும் மனைவியும் மல்லுக்கட்டியதாகக்கூடச் சொல்வார்கள். நம்பலாம் என்றே தோன்றுகிறது.

ஆலைகள் மூடப்பட்டபோது உறுப்பினர் பட்டியலும் ஆட்டம் கண்டது. மூன்று உயர்நிலைப் பள்ளிகள் இருந்த ஆண்டர்சனில் இன்று ஒன்றுதான். விக்வாமின் மின்கட்டணத்தைத் தாங்க முடியாமல் 2011இல் பள்ளி அதைப் பூட்டியது. நியூ காஸில் வேறொரு கான்ஃபரன்ஸுக்குப் போய்விட்டது. லஃபாயெட்டைச் சுற்றி வளர்ந்த ஹாரிசன், மெக்கச்சியன் போன்ற பள்ளிகள் உள்ளே வந்தன. 1985, 86, 87 என்று மேரியன் தொடர்ந்து மூன்று முறை மாநிலக் கோப்பையை வென்றதுதான் பழைய பெருமையின் கடைசிப் பெரிய வாணவேடிக்கை. 1997–98 சீசனிலிருந்து பள்ளிகளை அளவு பார்த்துப் பிரித்து, தனித்தனிக் கோப்பை வைத்துவிட்டார்கள். மைலன் மாதிரியான பள்ளி இனி மன்சி சென்ட்ரலைக் கோப்பைப் போட்டியில் சந்திக்கவே முடியாது. நியாயமான ஏற்பாடுதான். சுவாரசியம் போயிற்று என்பது வேறு விஷயம்.

இந்தக் கான்ஃபரன்ஸின் உச்சம் எது என்று கேட்டால் நான் கோப்பைகளைக் காட்ட மாட்டேன். 1959 பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை இரவைக் காட்டுவேன். நியூ காஸிலின் சர்ச் ஸ்ட்ரீட் அரங்கில் அதுதான் கடைசி ஆட்டம். புது அரங்கு அப்போது எழும்பிக்கொண்டிருந்தது. பழையது மிகச் சிறியது. கூட்டம் கோட்டுக்கு ஒட்டினாற்போல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. எதிரணி கோகோமோ. அதில் ஜிம்மி ரேல் என்ற ஒல்லிப் பையன். இந்தப் பக்கம் ரே பேவி. தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற விதி அப்போது கிடையாது. எங்கிருந்து எறிந்தாலும் இரண்டுதான். ஆட்டம் 32 நிமிடம். இவன் ஒன்று போட, அவன் ஒன்று போட, மற்ற எட்டுப் பேரும் அவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கவே வந்தவர்கள்போல ஆனார்கள். முடிவில் நியூ காஸில் 92, கோகோமோ 81. பேவி 51, ரேல் 49. அன்று விழுந்த 173 புள்ளிகளில் சரியாக நூறு இந்த இருவருடையது. பிறகு இருவரும் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஒரே அணியில் சேர்ந்தார்கள். 1961இல் ஒரு கார் விபத்தில் பேவியின் கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவர் பயிற்சியாளராகவும் இருந்தார்.

சர்ச் ஸ்ட்ரீட்டில் தோற்ற கோகோமோ அடுத்த மாதம் மாநில இறுதிக்கே போய்விட்டது. அங்கே 92–54 என்று அதை நொறுக்கியது இண்டியானாபொலிஸின் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி. கறுப்பின மாணவர்களுக்கென்று 1927இல் திறக்கப்பட்ட பள்ளி அது. ‘கறுப்பர்கள் மட்டுமே படிப்பதால் அது பொதுப் பள்ளி ஆகாது’ என்று சொல்லி, மாநிலச் சங்கம் 1942 வரை அதற்கு இடமே கொடுக்கவில்லை. நகரை இரண்டாகப் பிரித்த கை, தான் பிரித்ததையே காரணமாகக் காட்டியது. அதே நகரின் ஆர்செனல் டெக் பள்ளிக்கு நார்த் சென்ட்ரலில் இடம் இருந்தது, அட்டக்ஸுக்கு இல்லை. 1955இல் மன்சி சென்ட்ரலை 71–70 என்று ஒரே புள்ளியில் வீழ்த்தி, அட்டக்ஸ் தன் முதல் கோப்பையை நோக்கிப் போனது. அந்த அணியில் ஆஸ்கர் ராபர்ட்சன் என்று ஒரு பையன் இருந்தான். அவனை அடுத்த வாரம் பார்ப்போம்.