மெட்ராஸின் முதல் ரேடியோ ஒரு கிளப் நடத்தியது

காமர்ஸ் படிக்கிறவனுக்கு ரேடியோவில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். கணக்கு வழக்கும் வருகிறது.

போன மாதம் ரிச்சி தெருவில் கட்டைவிரல் அளவு யுஎஸ்பி டாங்கிள் ஒன்று வாங்கினேன். வெளிநாடுகளில் கணினியில் டிவி பார்ப்பதற்காகச் செய்தது. தூர்தர்ஷனின் டிஜிட்டல் ஒளிபரப்பு வேறு வகை என்பதால் இங்கே அந்த வேலைக்கு உதவாது. ஆனால் அதற்குள் இருக்கும் ஆர்டிஎல்2832யு என்ற சிப், ஆன்டெனாவில் விழும் அலையை வெறும் எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பும் என்பது 2012-ல் வெளியே தெரிந்தது. அன்று முதல் காசில்லாதவர்களின் ரேடியோ லேப் இதுதான்.

மீதி வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எரிக் பிளாசம் 2001-ல் தொடங்கிய குனு ரேடியோவுடன் கம்பேனியன் என்று ஒன்று வருகிறது. அதில் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். டாங்கிள் ஒரு கட்டம், ஃபில்டர் ஒரு கட்டம், எஃப்எம் பிரிப்பது ஒரு கட்டம், ஸ்பீக்கர் ஒரு கட்டம்... நடுவில் கோடு இழுத்தால் ரேடியோ. விநாடிக்கு 24 லட்சம் எண்கள் உள்ளே வருகின்றன. அதை ஐந்தில் ஒன்றாக்கி, மறுபடி பத்தில் ஒன்றாக்கினால் 48,000. சவுண்ட் கார்டுக்கு வேண்டியது அவ்வளவு. நான் பத்துக்குப் பதில் இருபது போட்டுவிட்டேன். பாட்டு துண்டு துண்டாகத் தெறித்தது. திரையில் 'ஏயூ ஏயூ' என்று வரிசையாக ஓடியது. சவுண்ட் கார்டு பசியில் அழுகிறது என்று புரிய இரண்டு நாள் ஆனது!

சரிசெய்ததும் 101.4 கணீரென்று வந்தது. "இதை போன்லயே கேக்கலாமேடா" என்றாள் அக்கா. உண்மைதான்.

இந்த ஊரில் முதன்முதலில் இப்படி ஆசைக்காக ரேடியோவில் கை வைத்தவர்கள் யார் என்று அன்றிரவு தேட ஆரம்பித்தேன். சர்க்காரும் இல்லை, கம்பெனியும் இல்லை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே 16-ல் உருவாக்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப். ஜூலை 31-ல் ஒலிபரப்பே தொடங்கிவிட்டார்கள். டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். பழைய டியூப் லைட் ஒன்றுக்கு ஆகும் மின்சாரம்! பின்னால் 200 வாட் ஆனது. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை.

அந்தக் காலத்தில் உலகமெங்கும் வீட்டில் செய்த ரேடியோ என்றால் கிரிஸ்டல் செட். அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கக் கம்பிச்சுருள், அலையிலிருந்து ஒலியைப் பிரிக்க கலீனா என்ற ஈயத்தாதுத் துண்டு, காதில் ஹெட்போன். கரண்ட் கூட வேண்டாம். என் கட்டங்களும் அதே வரிசைதான். அவர்கள் கம்பியில் சுற்றியதை நான் மவுஸில் இழுக்கிறேன்.

1927 அக்டோபரில் கிளப் ஒலிபரப்பை நிறுத்தியது. காரணம் பணம்.

இங்கேதான் காமர்ஸ் மூளை விழித்துக்கொள்கிறது. அலை எல்லார் வீட்டுக்கும் போகும், செலவு மட்டும் அனுப்புகிறவர் தலையில். டிக்கெட் கிழிக்க வாசல் கிடையாது. பெரிய முதலாளிகளாலும் இதைச் சமாளிக்க முடியவில்லை. 15 லட்ச ரூபாய் மூலதனத்தோடு 1927 ஜூலை 23-ல் பம்பாயில் ஒலிபரப்பு தொடங்கிய இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியைப் பாருங்கள். ரேடியோ வைத்திருப்பவர் வருடத்துக்குக் கட்டும் லைசென்ஸ் கட்டணம் 10 ரூபாய், அதில் கம்பெனிக்கு 8. லைசென்ஸ்களோ நாடு முழுக்க எட்டாயிரத்தைத் தாண்டவில்லை. எட்டாயிரம் என்றே வைத்தாலும் வருடத்துக்கு 64,000 ரூபாய். பம்பாய், கல்கத்தா என்று இரண்டு நிலையங்களை அதில் எப்படி நடத்துவது? 1930 மார்ச் 1-ல் இழுத்து மூடிவிட்டார்கள்.

மெட்ராஸில் நடந்தது வேறு. கிளப் தன் டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். ரேடியோ வாங்க வக்கில்லாதவரும் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்கலாம். யாரிடமும் கட்டணம் வசூலிக்க முடியாத பொருளுக்கு ஊரே சேர்ந்து செலவழிப்பது! பொருளாதார வகுப்பில் தெருவிளக்கைத்தான் இதற்கு உதாரணம் சொல்கிறார்கள், இனி நான் மெரினா ரேடியோவைச் சொல்வேன். 1938 ஜூன் 16-ல் ஆல் இந்தியா ரேடியோ இங்கே வரும்வரை, எட்டு வருடம் அது ஓடியது.

குனு ரேடியோவும் இலவசம்தான். ஆரம்பத்தில் ஜான் கில்மோர் தன் கைக்காசைப் போட்டிருக்கிறார். கிருஷ்ணசாமி செட்டி வகையறா போலிருக்கிறது :-)

ஒரு விஷயம், என் டாங்கிளால் கேட்க மட்டுமே முடியும். அனுப்ப வேண்டுமென்றால் மத்திய அரசின் ஹாம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். அதற்கு முன் 145.800-ல் விண்வெளி நிலையத்தின் குரல் விழுகிறதா என்று பார்க்கிறேன். மயிலாப்பூர் மாடியில் ஆன்டெனா கட்ட இடம் பார்த்தாயிற்று. அது துணி காயப்போடும் கொடி என்கிறாள் அம்மா, பேச்சுவார்த்தை நடக்கிறது.