கயவாகுவின் கப்பல்

சிலப்பதிகாரத்தில் கண்ணகி விழாவிற்கு வந்திருந்த இலங்கை மன்னன் கயவாகுவை நாம் அறிவோம். சிங்களத்தில் அவன் கஜபாகு. 1959இல் அப்பெயரில் ஒரு போர்க்கப்பல் இலங்கைக் கடற்படையில் சேர்ந்தது. இரண்டாம் உலகப்போரின்போது கனடாவில் கட்டப்பட்டு, பின்னர் இஸ்ரேலிடம் இருந்து, மூன்றாம் கையாகக் கொழும்புக்கு வந்த கப்பல் அது. உடன் வந்த மகாசேனவின் கதையும் அதுவே. சிறிய நாடுகளின் கடற்படைகள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன, பிறர் கழித்த கப்பல்களுக்குத் தம் மன்னர்களின் பெயரைச் சூட்டி.

1937ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றால் தொண்டர் படையாகத் தொடங்கப்பட்டு, போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் கீழ் இயங்கியது இது. 1950 டிசம்பர் 9 அன்று அரச இலங்கைக் கடற்படை ஆயிற்று. முதல் தளபதி ஆங்கிலேயர். முதல் போர்க்கப்பலின் பெயர் விஜய. மரக்கலமேறி வந்து கரையொதுங்கிய அந்த விஜயனின் பெயரைத் தாங்கிய படைக்கு அன்றாடப் பணியாக வாய்த்தது, தமிழகத்திலிருந்து வரும் கள்ளத்தோணிகளைத் தடுப்பது. இந்த முரணை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

தொண்டர் படை உருவாகிவந்த அதே காலத்தில் வடகரையில் வேறொன்று நிகழ்ந்தது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கியதால், அவ்வூர் மாலுமிகளுடன் கடல்கள் பல கடந்து 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கப்பல் கட்டவும் செலுத்தவும் தெரிந்த இந்தச் சமூகத்தைப் புதிய அரசு கடத்தல்காரர்களாகவே கண்டது. நாட்டில் மாலுமிகளுக்குப் பஞ்சமில்லை, அவர்கள் படைக்கு எதிர்ப்புறத்தில் இருந்தார்கள் என்பதே என் எண்ணம்.

தமிழர் எவரும் படையில் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. 1960 முதல் 1970 வரை அதன் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர் என்ற தமிழர். பின்னாளில் வெளியுறவு அமைச்சராகி 2005இல் கொலையுண்ட லக்ஷ்மன் கதிர்காமரின் தமையனார். அவருக்கு வாய்த்த காலம் நல்ல காலமல்ல. முன்னாள் தளபதி ரோய்ஸ் டி மெல் 1962 ஆட்சிக்கவிழ்ப்புச் சதியில் குற்றம் சாட்டப்பட்டதும், அரசு கடற்படையையே ஐயத்துடன் பார்த்தது. ஆள்சேர்ப்பு ஏழாண்டுகளுக்கு மேல் நின்றது. கப்பல்கள் விற்கப்பட்டன. இங்கிலாந்தில் பயிற்சியும் நின்றுபோயிற்று. 1971 கிளர்ச்சியின்போது கடற்படையினர் தரையில் இறங்கிப் போரிட வேண்டியிருந்தது.

1972இல் நாடு குடியரசானது. அவ்வாண்டே சீனாவின் ஷாங்காய் வகைப் பீரங்கிப் படகுகள் வந்தன. 1984இல் இஸ்ரேலின் டுவோரா விரைவுப் படகுகள். அதே ஆண்டில் கடற்புலிகள் அமைப்பும் தோன்றியது. 1990 ஜூலை 10 அன்று வெடிமருந்து நிரப்பிய படகொன்று எடித்தார என்ற கடற்படைக் கப்பலை வல்வெட்டித்துறைக்கு அப்பால் தாக்கியது. அன்னபூரணி புறப்பட்ட அதே கடல். 1992 நவம்பரில் கடற்படைத் தளபதி கிளான்சி பெர்னாண்டோ கொழும்புத் தெருவில் தற்கொலைத் தாக்குதலில் மாண்டார். 1995 ஏப்ரல் 19 அன்று திருகோணமலைத் துறைமுகத்துக்குள்ளேயே சூரய, ரணசுறு ஆகிய இரு பீரங்கிப் படகுகள் மூழ்கடிக்கப்பட்டன. சூரய, சீனாவிலிருந்து வந்தவற்றுள் ஒன்று.

இருபுறமும் தீவின் மக்களே இறந்தார்கள். கடலில் இறந்தவர்களுக்குப் புதைகுழிகூட இல்லை.

போரின் முடிவுக்கட்டத்தில் கடற்படை நெடுந்தொலைவு சென்றது. 2007 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், தீவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் புலிகளின் ஆயுதக் கப்பல்களைத் தேடிச்சென்று மூழ்கடித்தது. அந்நடவடிக்கையில் பங்கேற்ற சயுர என்ற கப்பலும் பழையதுதான். இந்தியா 2000ஆம் ஆண்டில் கொடுத்தது. இந்தியக் கடற்படையில் அதன் பெயர் சரயு. இராமனின் அயோத்தியை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர்.