பேடு, ஒருவர், அவர்: பால் பகுப்பிற்கு வெளியே நிற்போரைச் சுட்டும் சொற்களின் இலக்கண வரலாறு

தமிழ்நாடு அரசு 2008இல் நல வாரியம் அமைத்தபோது அது அரவாணிகள் பெயரிலேயே அமைந்தது. பின்னர்த் 'திருநங்கை' என்னும் சொல் விரைவில் நிலைபெற்றது. சென்னை உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டலை அடுத்து 2022இல் இத்துறைக்கான சொற்றொகுதி ஒன்றும் அரசிதழில் வெளிவந்தது. பெயர்கள் இவ்வாறு மாறிவரினும் வினைமுற்றின் ஈறு குறித்த சிக்கல் தீரவில்லை. திருநர் ஒருவரை இழிவுபடுத்த விரும்புவோர் இன்றும் கையாள்வது 'அது' என்னும் சுட்டையே. இவ்வழக்கிற்கு இலக்கண மரபில் இடமுண்டா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா.

தொல்காப்பியக் கிளவியாக்கம் பேடியைக் குறிக்கும் பெயரை உயர்திணைக்குள்ளேயே வைக்கிறது. அதற்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைப் பால்களுக்குரிய ஈறுகளையே அது கொள்ளும் என்றும் கூறுகிறது. பிறிதொரு நூற்பா ஆண்பால் ஈற்றை விலக்குகிறது. அஃறிணை முடிபுக்கு இவ்விரண்டிலும் இடமில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூலில் நிலை மாறுகிறது. பெண்மை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பால் என்றும், ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவும் பேடு பெண்பால் என்றும் பவணந்தியார் வகுக்கிறார். பிறப்புடலை விடுத்து, அவாவின் திசையையே அவர் பாலுக்கு அளவுகோலாகக் கொள்கிறார் என்பது என் வாசிப்பு. (இலக்கணிகளின் 'பேடு' இன்றைய 'திருநர்' என்பதற்கு நிகரன்று என்பதை மறத்தலாகாது.) ஆயின் அதே நூற்பா, இவ்விருவகையும் அஃறிணை போலவும் வரும் என முடிகிறது. அஃறிணை முடிபுக்கு இங்கு வெளிப்படையாகவே வாயில் திறக்கப்பட்டுள்ளது. 'அது' என்பதற்குத் தொன்மைச் சான்று தேடுவோர் நன்னூலைக் காட்ட இயலும்.

மாற்று வழியும் தொல்காப்பியத்திலேயே உள்ளது. 'ஒருவர்' என்னும் பெயர் ஆண், பெண் இருபாற்கும் பொது; பொருளால் ஒருமையாயினும் பன்மை முடிபே ஏற்கும். ஒருவரைப் பன்மையாற் கூறுதலை அந்நூல் வழக்கில் எழுந்த உயர்சொல் என ஏற்று, இலக்கண நெறியின் பாற்பட்டதன்று என ஒதுக்கவும் செய்கிறது. மரியாதையின் பொருட்டு எண் வழுவுவதைத் தமிழர் பேச்சு மிகத் தொன்மையிலேயே பொறுத்துக்கொண்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. பால் காட்டாத மரியாதை ஒருமையான இன்றைய 'அவர்' இம்மரபின் வழிவந்ததே.

ஆகவே 'அவர்' போதும் என்று அமைவோர் எழுத்து வழக்கை மட்டுமே நோக்குகின்றனர். பேச்சில் 'அவரு வந்தாரு' பெரும்பாலும் ஆணையே சுட்டுகிறது. பெண்ணை மதித்துச் சுட்ட 'அவங்க வந்தாங்க' என்கிறோம். திருநங்கை ஒருவரை 'அவரு' எனல் மரியாதையின் வடிவிலேயே அவரது பாலை மறுப்பதாக முடியலாம். 'அவங்க' பலர்பாலுக்கும் உரியதாதலின், இருபாலுள் அடங்காதோர்க்கும் ஓரளவு பொருந்துகிறது. எழுத்தில் பொதுவாக நிற்கும் சொல் பேச்சில் எப்பொழுது, எவ்வட்டாரங்களில் இவ்வாறு பிளவுற்றது என்பது தனியே ஆராயத்தக்கது.