கமூரி முத்திரையும் செஞ்சி ஆறும்: வீலரின் அரிக்கமேட்டுக் காலக்கணிப்பு குறித்து

செஞ்சிக்கு அருகிலுள்ள சிங்கவரத்தை அடுத்துக் கிழக்கே ஓடும் சங்கராபரணிக்குச் செஞ்சி ஆறு, வராகநதி என்றும் பெயருண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே அதன் கிளையான அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் அங்கே அகழாய்வு செய்த மார்டிமர் வீலர், மறு ஆண்டு 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் அதை இந்திய-ரோமானிய வணிகத்தலம் என்று குறித்தார். எளிய மீனவர் வாழ்ந்த கரைக்கு மேற்கிலிருந்து அயலார் வந்தார்கள், ஊர் எழுந்தது என்பது அவர் தீட்டிய சித்திரம். அதை ஏற்க என்னால் இயலவில்லை.

வீலரின் கணக்கு முழுவதும் இத்தாலியின் அரெஸ்ஸோ வகைச் சிவப்புத் தட்டுகளின் சில்லுகளை நம்பி நிற்கிறது. அவற்றுள் சிலவற்றில் குயவர் முத்திரைகள் உள்ளன: விபியி, கமூரி, இத்தா. கமூரி என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இது உடைமைச் சொல். 'கமூரியஸுடையது' என்று பொருள். பட்டறைக்காரரின் பெயரன்றி வேறெதையும் அது சொல்லவில்லை. தட்டு சூளையை விட்ட காலத்தை அதிலிருந்து தோராயமாகக் கணிக்கலாம். அது கப்பலேறிய ஆண்டு, கைமாறிய ஆண்டு, உடைந்து மண்ணில் விழுந்த ஆண்டு ஆகியவை வேறு. ஊர் தோன்றிய ஆண்டோ இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. தட்டின் வயதை ஊரின் வயதாக்கியதே வீலரின் பிழை. அந்தப் பிழை அரிக்கமேட்டோடு நிற்கவுமில்லை. அதே அடுக்குகளில் கிடைத்த, பல்சக்கரத்தால் புள்ளி வரிசை பதித்த ரூலெட் பானைகளுக்கும் அந்தக் காலமே ஏறியது. 1947இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியின் பெருங்கற்காலத்தைக் கணிக்கவும் அதுவே அளவுகோலாயிற்று.

ரூலெட் பானை மத்தியதரைக் கடல் சரக்கன்று, இந்திய மண்ணில் வனைந்ததே என்று பின்வந்த மண் பகுப்பாய்வுகள் காட்டின. 1947 முதல் 1950 வரை அரிக்கமேட்டை அகழ்ந்த பிரெஞ்சு ஆய்வாளர் கஸால், ரோமானியத் தொடர்புக்கு முந்தைய வாழ்வின் தடயங்களைக் கண்டார். 1989 முதல் 1992 வரை அகழ்ந்த விமலா பெக்லி ஊரின் தொடக்கத்தைக் கி.மு. நூற்றாண்டுகளுக்குக் கொண்டுசென்றார். எந்த நூற்றாண்டு என்பதில் இன்னும் ஒருமித்த முடிவில்லை. நானும் இங்கே ஒன்றைத் திணிக்கப்போவதில்லை.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களின் முன் நிற்பவர் ரோமானிய மாளிகைகளின் வண்ணக் கற்கள் பதித்த மொசைக் தரையைத் தேடினால் ஏமாறுவார். மதுச்சாடிகளின் உடைசல்களும், அவற்றோடு உள்ளூர்ப் பானைகளும் மணிகளும்தான் இருக்கின்றன. தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. பானையில் தம் பெயரைக் கீறத் தெரிந்தவர்களை அயலாருக்காகக் காத்திருந்த கூட்டம் என்று எப்படிச் சொல்வது?

துறைமுகத்தை வளர்த்தது கடல் மட்டுமன்று, செஞ்சி ஆற்றுவெளியும்தான் என்பது என் கருத்து. இதற்குச் சான்று மெலிது என்பதை மறைக்கவில்லை. ஆற்றின் மேற்பகுதியிலிருந்து நான் காட்டக்கூடியவை பிற்காலத்தவையே. சிங்கவரம் அரங்கநாதர் குடைவரை பல்லவர் காலத்தது. அருகிலுள்ள திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சமணத் துறவி சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் (நினைவிடக்) கல்வெட்டைக் கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டு என்பர். அரிக்கமேட்டு ஓடுகளுக்கும் இதற்கும் இடையே சில நூற்றாண்டுகள் வெறுமையாக நிற்கின்றன. ஆயினும் கழிமுகத்தில் பெருஞ்சந்தை நடந்தபோது ஆற்றின் மேற்பகுதி ஆளரவமற்றுக் கிடந்தது என்று நம்ப, இதைவிட வலுவான சான்று வேண்டும்.

செஞ்சி முதல் அரியாங்குப்பம் வரை இரு கரைகளையும் ஊர் ஊராக மேற்பரப்பாய்வு செய்தாக வேண்டும். மணல் அள்ளப்படும் இடங்களிலிருந்து அதைத் தொடங்குவது நல்லது.